அலைக்கோட்டுக்குக் கீழே

கில்ஃபாரன் குருமனை
1843 மார்ச் 7, செவ்வாய்

மழை. கோயிலின் வடக்கு மூலை மறுபடியும் ஒழுகுகிறது என்று டூகல் வந்து சொன்னான். கோயில்குட்டி அவன். மணியடிப்பது, கல்லறைக்குக் குழி வெட்டுவது, ஆராதனை நடுவே நாய்களைத் துரத்துவது எல்லாம் அவன் வேலை. ஆனால் ஒழுகலைக் கண்டுபிடிக்கும்போதுதான் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பிரபு உக்கார்ற மாடத்துல ஒரு சொட்டு இல்லம்மா. கீழ பொம்பளைங்க தலையில கரெக்டா விழுது. கூரைக்குக்கூட ஆள் தெரியுது!"

அண்ணனுக்கு ஒழுகல் காதிலேயே ஏறவில்லை. கிழக்குச் சுவரில் கல் வைத்து அடைத்திருக்கிற பழைய வளைவைப் பற்றித்தான் காலை முழுக்கப் பேச்சு. வளைவுக்கு அப்பால் இருப்பது கத்தோலிக்கப் பூசை நடந்த காலத்துப் பாதி. சீர்திருத்தம் வந்ததும் நடுவில் சுவர் எழுப்பி அதைக் கைவிட்டார்கள். இப்போது கூரை கிடையாது. காஞ்சொறியும் ஆடுகளும்தான் அங்கே சபை. அந்தச் சுவரை இடித்து வளைவைத் திறக்க வேண்டும், மறுபடி கூரை போட வேண்டும் என்பது இங்கே வந்த நாளிலிருந்து அவன் கனவு. போன இலையுதிர்காலத்தில் அவன் நூலைப் பிடிக்க, நான் ஒவ்வொரு கல்லாக அளந்து வரைந்தேன். கையெல்லாம் காஞ்சொறித் தடிப்பு. ஆனாலும் அந்த வாரங்களைப் போல நாங்கள் இருவரும் சிரித்தது கிடையாது.

"யார் பணம் குடுப்பா?" என்று கேட்டேன்.

"கடவுள் வழி காட்டுவார்" என்றான். போதகர்களுக்கு இது ஒரு வசதி.

மார்ச் 12, ஞாயிறு

நடந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் மூப்பர் லக்லன் எழுந்து நின்றார். அவர்தான் எங்களுக்குச் சங்கீதம் எடுத்துக் கொடுப்பவர். அவர் ஒரு வரி பாட, சபை பின்னால் பாடும். இன்று பாடவில்லை, கேட்டார்.

"ஐயா, மே மாசம் எடின்பரோவுல சபைப் பேரவை ரெண்டாப் பிரியும்னு சொல்றாங்க. நீங்க எந்தப் பக்கம்?"

எத்தனை வருடச் சண்டை இது. ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பிரபு கை காட்டுகிற ஆள்தான் போதகர், சபைக்குப் பிடிக்காவிட்டாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்கிறது சட்டம். அதை ஏற்க மாட்டோம் என்பவர்கள் பேரவையை விட்டு வெளியே நடக்கப் போகிறார்கள். வெளியே வருகிற போதகருக்குக் கோயில் இல்லை, குருமனை இல்லை, சம்பளம் இல்லை.

அண்ணன் பிரசங்கபீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அவங்க நடந்தா நானும் நடப்பேன்."

எதிரே மாடத்தில் பிரபு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மட்டும் அங்கே கணப்பு உண்டு. பிரசங்கம் நீண்டால் இடுக்கியால் தட்டுவார். இன்று தட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்தில் எழுந்து தம் பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் சம்மதம் சொல்வது. பிரபுவின் முகத்துக்கு நேராக, பிரபுவின் நிலத்தில் குடியிருந்துகொண்டு!

நினியன் டால்கிளீஷுக்குத் தங்கை என்பதற்காக நான் இவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு இல்லை.

மார்ச் 14

விதவை மார்சலி மட்டும் அன்று எழுந்திருக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது; மகள் நெருப்பருகே தூங்கினாள்.

"வீடு பிரபுவோடது, துண்டு நெலம் பிரபுவோடது. நாளைக்குத் தூக்கி வெளிய போட்டா எங்கம்மா போவேன்?"

"நாங்களும்தான் வெளிய வர்றோம் மார்சலி. நீ மட்டுமா?"

"ஐயா நெஜமா வருவாரா? பெரிய படிப்பு, பெரிய வீடு..."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "எங்கண்ணன் வார்த்தைக்கு நான் பொறுப்பு. என்னை நம்பு."

அவள் கிழங்கை வடித்து, எனக்கும் ஒன்று வைத்தாள். "நீங்க சொல்றீங்களேன்னுதான்" என்றாள்.

மார்ச் 19, ஞாயிறு

மார்சலி எழுந்து நின்றாள். குரல் எழும்பவில்லை. லக்லன்தான் அவள் பெயரைத் திருப்பிச் சொன்னார், சங்கீத வரியைப் போல.

ஏப்ரல் 4

பிரபுவின் காரியஸ்தர் வீடு வீடாகப் போயிருக்கிறார். பெயர் சொன்னவர்களில் குத்தகைக் கெடு முடிந்தவர்கள் மே இருபத்தாறுக்குள் காலி செய்ய வேண்டும். லக்லன், மார்சலி, இன்னும் பலர். பிரபு அன்று ஏன் இடுக்கியைத் தட்டவில்லை என்று இப்போது புரிகிறது. பெயர்களை மனதில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். கோயிலின் பின்புறம் காஞ்சொறி நடுவே நின்று வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ம்" என்றான். அவ்வளவுதான். விடைபெறுகிறான் என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் திரும்பி வந்தேன்.

மே 15

அண்ணன் எடின்பரோவுக்குப் புறப்பட்டான். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தான். வழக்கமாகக் கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை.

மே 17

மூட்டை கட்டுகிறேன். அம்மாவின் பீங்கானை வைக்கோலில் சுற்றியாயிற்று. புத்தகங்கள்தான் கழுத்தை அறுக்கின்றன. இத்தனை வேதசாஸ்திரத்தைத் தூக்கிக்கொண்டு எந்த மனிதன் வறுமைக்குப் போவான்? எங்கே போய் இருப்போம் என்று தெரியவில்லை. பயம் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது.

மே 23

செய்தி வந்துவிட்டது! நடந்தே விட்டார்கள். நூற்றுக்கணக்கான போதகர்கள், வரிசையாக, தெருவில். மீன்காரர்கள் கரையிலேயே நின்று சங்கீதம் பாடினார்கள். பெயர்கள் இன்னும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன?

மே 26

மார்சலியைக் காலையிலேயே வெளியேற்றிவிட்டார்கள். மறுபடி குடியேறக் கூடாது என்று கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அவள் பண்டம் பாத்திரங்களை எங்கள் தொழுவத்தில் போடச் சொன்னேன். "அண்ணன் வரட்டும், சேர்ந்தே கிளம்பலாம்" என்றேன். மகளைக் கட்டில் சட்டத்தின் மேல் உட்கார வைத்துவிட்டு, மார்சலி என் மூட்டைகளுக்கும் கயிறு கட்டிக் கொடுத்தாள்.

மே 27, சனி

பிரபுவின் வண்டியில் வந்து இறங்கினான்.

நான் வாசலுக்கு ஓடினேன். வண்டியைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வழியில் ஏற்றிக்கொண்டார்கள் போல என்று நினைத்தேன். மார்சலி தொழுவ வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு உடனே புரிந்திருக்கிறது.

கூடத்தில் மூட்டைகளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"பிரிச்சு வெச்சிடு கிரிசல்" என்றான்.

"எதை?"

"எல்லாத்தையும். நாம எங்கயும் போகல."

எல்லோரும் எழுந்து நடந்தபோது இவன் உட்கார்ந்தே இருந்திருக்கிறான். எல்லோரும் போய்விட்டால் கோயிலை யார் பார்ப்பது என்றான். கிடைப்பவனைக் கொண்டு வந்து பிரபு நிரப்பிவிடுவார் என்றான். உள்ளேயிருந்து சரி செய்யலாம் என்றான். எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

நான் ஜன்னல் வழியாகத் தொழுவத்தைப் பார்த்தேன். மார்சலி தன் கட்டில் சட்டத்தை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போகக் கால் வரவில்லை.

மே 28, ஞாயிறு

நான் கோயிலுக்குப் போனேன். ஏன் போனேன்? இன்னும் நம்ப முடியாததால்தான். அவன் பீடத்தில் ஏறியதும் மனம் மாறி ஏதாவது சொல்லுவான் என்று எனக்குள் ஒரு முட்டாள் உட்கார்ந்து காத்திருந்தாள்.

மேலே பிரபு குடும்பம். கீழே அவர்கள் வேலைக்காரர்கள், காரியஸ்தர், டூகல், நான். மற்றபடி நீள நீளமாகக் காலிப் பலகைகள். பெண்கள் உட்காரக் கொண்டுவரும் முக்காலிகளை எடுத்துப் போய்விட்டார்கள். மண்தரையில் கால் பதிந்த குழிகள் மட்டும் கிடந்தன. அந்த இடம் இவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது.

லக்லன் இல்லாததால் அண்ணனே சங்கீதம் எடுத்தான். சுருதியை எட்டாத உயரத்தில் பிடித்துவிட்டான். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. யாரும் பின்பாட்டுப் பாடவில்லை. மாடத்தில் இடுக்கி ஒருமுறை தட்டியது.

எனக்கு அவன் மேல் பாவமாக இருந்தது. அதற்காக என் மேலேயே கோபமும் வந்தது.

மே 31

ஓடைக்கு அந்தப் பக்கம் வேறொரு பிரபுவின் நிலம். அங்கே ஆட்டுக்காரர்கள் விட்டுப்போன குடிசையில் மார்சலி இருக்கிறாள். அந்தப் பிரபுவும் லேசுப்பட்டவர் இல்லை. "குடியிருந்துக்கோ, கூட்டம் கூடாத" என்று சொல்லித்தான் விட்டிருக்கிறார். ஓட்ஸ் மாவும் கருவாடும் எடுத்துப் போனேன்.

வாங்கிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து நின்றவள் வழி விடவும் இல்லை.

"மார்சலி, அவன் என்னையும்தான் ஏமாத்திட்டான்."

"இருக்கலாம்மா. ஆனா ஐயா எனக்கு வாக்குக் குடுக்கல. கோயில்ல பொதுவாச் சொன்னாரு, நான் எந்திரிக்கல. நீங்க வீட்டுக்கு வந்து சொன்னீங்க. அதான் எந்திரிச்சேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 8, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பிரபுவின் சீமாட்டி தேநீருக்கு வந்தாள். அம்மாவின் பீங்கானை வைக்கோலிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தேன். அவள் பார்வை முழுக்க என் விரல்கள் மேல்.

"இந்தக் கையா அது! நான் யாரோ வயசான கொத்தனார் வரைஞ்சதுன்னுல்ல நெனச்சேன். அந்த வளைவ எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கீங்க. கல்லு கல்லா! எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில விரிச்சு வெச்சுட்டு எடுக்கவே விடல."

"எப்போ பார்த்தீங்க?"

"ஜனவரில. பனி கொட்டிட்டு இருந்துச்சே, அப்போ உங்க அண்ணனே கொண்டாந்தார். அன்னிக்கே பேசி முடிச்சாச்சே. அவர் இங்கயே இருந்தா, வளைவத் திறந்து கூரையும் நாங்க போட்டுத் தர்றோம்னு. இந்தக் கோடையில ஆரம்பிக்கலாம்." கேக்கை எடுத்துக் கடித்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றேன். பெருமை போகிற நேரத்திலும் பெருமை.

அவள் போனதும் படிப்பறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"ஜனவரிலயே வித்துட்டியா?"

யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தான்.

"நான் எதையும் விக்கல. பேசிப் பாத்தேன். முடிவு பண்ணல."

"அப்போ மார்ச்சுல பீடத்துல நின்னு சொன்னது?"

"அன்னிக்கு அது நிஜம் கிரிசல். சொல்லும்போது நிஜமாத்தான் சொன்னேன். ரெண்டுமே நிஜமா இருந்துச்சு. எது ஜெயிக்கும்னு எனக்கே தெரியல."

"அந்த சனங்களுக்கு அதச் சொல்லிருக்கலாமே! எனக்குத் தெரியல, இன்னும் யோசிக்கிறேன், யாரும் எந்திரிக்காதீங்கன்னு. ஒரு வாய் வார்த்தை. அவங்க வீடு நின்னிருக்கும்!"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "அந்த வளைவு நம்ம எல்லாருக்கும் முந்தி கட்டினது. இந்தச் சண்டையெல்லாம் அடங்கினதுக்கு அப்புறமும் நிக்கும்" என்றான்.

அடப்பாவி. நான் வரைந்ததடா அது. என் கையால வரைஞ்சத எடுத்துட்டுப் போயி என்கிட்டயே மறைச்சு, நான் மார்சலிகிட்டப் போயி என் அண்ணன், என் அண்ணன்னு — நீ எல்லாம் தெரிந்துகொண்டுதானே இருந்தாய்? நான் மார்சலி வீட்டுக்குப் போய் வந்த அன்று சாப்பாட்டில் உன்னிடம் சொன்னேனே. "நல்லது" என்றாயே. நல்லது!

எழுத முடியவில்லை.

ஜூன் 9

பீங்கானை விட்டுவிட்டுப் புறப்பட்டேன். என் முக்காலியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 18, ஞாயிறு
ஓடைக்கு அப்பால்

மார்சலி உள்ளே விட்டாள். மன்னித்தாள் என்று எழுத மாட்டேன். "மழை வருது, வந்து தொலைங்க" என்றாள். மூலையில் வைக்கோல் காட்டினாள். அவ்வளவுதான்; அதற்கே அழுகை வந்தது.

இன்று முதல்முறையாகக் கரை ஆராதனைக்குப் போனேன். வயலில் கூடக் கூடாது, பாதையோரம் நிற்கக் கூடாது, கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியேகூட ஆகாது என்று பிரபு உத்தரவு. புல் இருக்கிற இடமெல்லாம் அவருடையது. அலை ஏறும் கோட்டுக்குக் கீழே இருக்கிற மணல்தான் அவருக்குச் சொந்தமில்லை என்று லக்லன் கண்டுபிடித்தார். ஆகவே நீர் வடியும் நேரம் பார்த்துத்தான் எங்களுக்கு ஆராதனை. ஒரு வாரம் விடியலில், ஒரு வாரம் மத்தியானம். கடல்தான் நேரம் குறிக்கிறது.

அலை ஏற ஏற முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் நகர்கிறோம். வெளியூரிலிருந்து வருகிற போதகரின் பிரசங்கம் பத்தாவது தலைப்புக்குப் போவதற்குள் கணுக்கால் நனைந்துவிடும். "கோயில்ல பிரசங்கத்த நிறுத்த இடுக்கி இருந்துச்சு, இங்க அலை இருக்கு" என்றார் லக்லன். வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தேன்.

என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. போதகரின் தங்கை வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று ஒரு பேச்சு. நானாக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

ஜூலை 20

டூகல் வந்தான். ஓடையைத் தாண்ட மாட்டான். அந்தக் கரையில் நின்றே கத்துவான்.

"சாரம் கட்டியாச்சும்மா! உங்க படத்தப் பலகையில அடிச்சு வெச்சிருக்காங்க. கொத்தனார் அதைப் பாத்துப் பாத்துத்தான் இடிக்கிறார்!"

"மழையில நனையட்டும்!" என்று பதிலுக்குக் கத்தினேன்.

"நனையாது! ஐயாவே மெழுகு தடவிருக்கார்!"

செப்டம்பர் 5

அடைப்புச் சுவர் இறங்கிவிட்டதாம். வளைவு ஒரு கல்கூட அசையவில்லையாம். என் அளவுகள் சரியாக இருந்திருக்கின்றன.

சந்தோஷம் வந்தது. அதை யாரிடம் சொல்வது?

டிசம்பர் 3

மார்சலியின் மகளுக்கு இருமல். ஈர மணலில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. அண்ணனிடமிருந்து போர்வைகள் வந்தன. திருப்பி அனுப்ப எடுத்தேன். மார்சலி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"உங்க ரோஷம் உங்களுக்குச் சூடு குடுக்கும். புள்ளைக்குப் போர்வை வேணும்."

1844 பிப்ரவரி

பிள்ளை தேறிவிட்டாள். மார்சலி என்னை "அம்மா" என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் "கிரிசல், கரி எடுத்துப் போடு" என்றுதான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஜூன் 12, புதன்

டூகல் இன்று ஓடையைத் தாண்டியே வந்துவிட்டான். காலெல்லாம் ஈரம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கூரை போட்டு முடிச்சதும் நேத்து இரும்புக் கம்பி வண்டி வந்துச்சும்மா. வளைவுக்குக் குறுக்க, மேலேர்ந்து கீழ வரைக்கும் கம்பி. நடுவுல ஒரு கதவு, பூட்டு. மேல பிரபு வீட்டு முத்திரை. அந்தப் பாதிய அவங்க குடும்பக் கல்லறையா வெச்சுக்கிட்டாங்க. சபைக்கு இல்லையாம்."

"ஐயா என்ன சொன்னார்?"

"என்னத்தச் சொல்றது? சாவியக் கேட்டார். காரியஸ்தர் சிரிச்சுட்டு, அது பிரபு வீட்டுல இருக்கும்னார். ஐயா கம்பியப் புடிச்சுட்டு நின்னுட்டே இருந்தார். நான் மணியடிச்சுட்டு வந்துட்டேன், பாக்க முடியல."

இப்படி ஒரு செய்திக்காகத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன் என்று நினைத்தேன். அவனுக்கு நன்றாக வேண்டும் என்று சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். மார்சலி கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, "சொல்லிக்கோ, சொல்லிக்கோ, வயித்துக்கு நல்லது" என்றாள்.

சொல்லித்தான் பார்த்தேன். வயிறு கேட்கவில்லை. இத்தனைக்கும் பிறகு அவனுக்கு அந்த வளைவாவது கிடைத்திருக்கலாம் என்று தோன்றியது. இதைக் காட்டிலும் பெரிய கேவலம் எனக்கு வேறு இல்லை. தன்னை முழுசாக வெறுக்கக்கூட விடமாட்டான் போலிருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

நீர் இன்று மத்தியானம் வடிந்தது. இன்வர்னஸ் பக்கத்திலிருந்து ஒரு இளம் போதகர் பிரசங்கத்துக்கு வந்திருந்தார். மணலில் காலணி புதைந்து தவித்தார், நன்றாகப் பேசினார்.

சங்கீதத்தின் நடுவில் மார்சலி என் முழங்கையை இடித்தாள். திரும்பினேன். மேலே, மேட்டில், பிரபுவின் புல்லில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவன் ஆராதனை காலையிலேயே முடிந்திருக்கும். இளைத்திருந்தான். கறுப்பு அங்கி தோளிலிருந்து தொங்கியது.

லக்லன் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை. வரி முடிந்த இடைவெளியில் மட்டும், "எறங்கி வாங்க ஐயா, மணலு யாருக்கும் சொந்தமில்ல" என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வரியை எடுத்தார். நிஜமாகத்தான் கூப்பிட்டார். வீடிழந்த மனிதர் அவர்.

அண்ணன் ஒரு காலை முன்னால் வைத்தான். பார்த்தேன். பிறகு பின்னால் எடுத்துக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது, எங்களோடு பாடிக்கொண்டிருந்தான்.

அலை ஏறியது. வழக்கம்போல எல்லோரும் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தோம். மறுபடி நகர்ந்தோம். கடைசி ஜெபத்தின்போது புல்லின் ஓரத்துக்கே வந்துவிட்டோம். நான் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

ஆசீர்வாதம் முடிந்ததும் அந்த இளம் போதகர் காலணியிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "மேல நிக்கிறாரே, அவர் யாரும்மா?"

"இந்த ஊர்க் கோயில் போதகர்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"பாத்திருக்கேன்" என்றேன்.

அண்ணனுக்குக் கேட்டிருக்கும். அலை எங்களை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது.